மரத்தை எண்ணிவிட்டு அறையை எண்ணுங்கள்

கேள்வி: எனக்கு 43 வயது. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் அப்பா விட்டுப்போன 22 சென்ட் நிலம் இருக்கிறது. அதில் தூணும் உத்தரமுமாக, மரத்தாலேயே நிற்கும் வீடு ஒன்றை, ஓர் ஆசாரியைத் துணைக்கு வைத்துக்கொண்டு நானே கட்ட ஆசைப்படுகிறேன். 1,400 சதுர அடியில், மாடியுடன், நடுவில் தூணில்லாத 16 அடி ஹாலோடு வரைபடமும் போட்டு இதோடு அனுப்பியிருக்கிறேன்; தூண்களுக்கு நடுவில் சுவரைச் செங்கல்லில் நிரப்புவதாக எண்ணம். நிலத்தில் மூன்று அயினி மரங்கள் நிற்கின்றன. அவற்றின் சுற்றளவு 7 அடி, 6 அடி, 5½ அடி. நேராக ஓடும் தண்டு முதலிரண்டில் 20 அடியும் மூன்றாவதில் 18 அடியும் இருக்கும். இரண்டு பலாவும் உண்டு. இரண்டுமே 5 அடி சுற்றளவு, 10 அடித் தண்டு. மே மாதம் மரத்தை வெட்டி, ஓணம் கழிந்ததும் வேலையைத் தொடங்கலாம் என்பது என் எண்ணம். தூணுக்கு 4க்கு 4 அங்குலம் போதுமா? தூணின் அடியைக் கான்கிரீட்டில் புதைத்துவிடலாமா? கரையானுக்கு என்ன செய்வது? எதிலிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, மரங்களின் சுற்றளவையும் தண்டின் நீளத்தையும் டேப் வைத்து அளந்து எழுதியிருப்பதுதான். மர வீடு கட்ட விரும்பி எனக்கு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் வரைபடத்தை மட்டும் அனுப்புவார்கள். நீங்கள் இரண்டையும் அனுப்பியதால், அவை ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதை என்னால் எடுத்துக்காட்ட முடிகிறது. கடைசிக் கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு மரத்திலிருந்து தொடங்குங்கள். செங்கல் வீட்டுக்கு வரைபடம் முதலில், பொருள் பிறகு. சட்டக மர வீட்டில், கையில் உள்ள மரம் எத்தனை அடி நீளத்தில், எவ்வளவு கனத்தில் அறுபடும் என்பதுதான் அறையின் அகலத்தையே தீர்மானிக்கிறது.

மரக்கடைக்காரர் கணக்கிலேயே பார்ப்போம். சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கினால் கன அடி கிடைக்கும். உங்கள் 7 அடி அயினி 61 கன அடி, 6 அடி மரம் 45, 5½ அடி மரம் 34. பலா இரண்டும் சேர்ந்து 31. மொத்தம் 171 கன அடி. இந்தக் கணக்கு முறை தண்டின் உண்மையான கன அளவில் நூற்றுக்கு 78 பங்கைத்தான் காட்டும் என்றாலும், அறுவை மில்லில் முதுகுப் பலகையும் மரத்தூளும் கழிந்து, பட்டையை ஒட்டிய வெளிர் மரமான வெள்ளையையும் நீக்கிவிட்டு, வைரம் பாய்ந்த, அதாவது உள்ளே முற்றிய, சதுரச் சட்டமாகக் கைக்கு வருவது அதிலும் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே உங்களிடம் இருப்பது ஏறக்குறைய 110 கன அடி அறுத்த மரம். நீங்கள் அடிமரத்தில் அளந்திருந்தால், தண்டின் நடுச் சுற்றளவு அதைவிடக் குறைவு என்பதால், இதிலும் கொஞ்சம் குறையும்.

இனிச் செலவுப் பக்கம். 24 அடிக்கு 36 அடியில், அதாவது 864 சதுர அடியில், ஒரு மாடியில்லாத வீட்டை எடுத்துக்கொள்வோம். 12 அடிக்கு ஒரு தூண் வீதம் மூன்று வரிசையில் நான்கு நான்காக 12 தூண்கள். இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட இடத்தை நம் பழைய தச்சு வழக்கில் அங்கணம் என்பார்கள். உங்கள் வீடு ஆறு அங்கணம். தூண் 7க்கு 7, உயரம் 9 அடி என்றால் 37 கன அடி ஆகிறது. நெடுக மூன்று வரிசையும் குறுக்கே நான்கு வரிசையுமாக உத்தரம் 204 அடி ஓடுகிறது. எல்லாவற்றையும் 5க்கு 10 என்று வைத்தால் 71 கன அடி. இரண்டும் சேர்ந்து 108. கூரைச் சாய்வில் ஓடும் கைமரம், முகட்டு வளை, இடை வளை, ரீப்பர், மூலைகளில் சாய்வாகக் கொடுக்கும் சாய்முட்டு எல்லாமாக இன்னும் 130 கன அடியாவது வேண்டும். ஆக, நீங்கள் நினைத்த 1,400 சதுர அடி அல்ல, இந்த 864 சதுர அடி வீட்டுக்கே உங்கள் ஐந்து மரங்களும் தூணுக்கும் உத்தரத்துக்கும் மட்டுமே ஒட்டி வருகின்றன; கூரை மரம் முழுவதையும் வெளியில்தான் வாங்க வேண்டும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு வீட்டின் எலும்புக்கூடு முழுவதும் சொந்த நிலத்து மரத்தில் நிற்பது பெரிய காரியம். மாடி ஆசையை மட்டும் விட்டுவிட்டு, ஓர் அங்கணத்தின் மேல் பலகைத் தட்டு போட்டு மச்சாக வைத்துக்கொள்ளுங்கள்.

கூரை மரத்துக்கு உங்கள் மாவட்டத்தில் நல்ல வழி, இடிக்கப்படும் பழைய ஓட்டு வீடுகள். ஐம்பது அறுபது ஆண்டுகள் கூரையில் கிடந்து காய்ந்த கைமரம் இனிமேல் முறுக்காது, வெடிக்காது. வாங்கும்போது ஒரு காந்தத் துண்டைச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள். உள்ளே ஒடிந்து கிடக்கும் ஆணிகள் அறுவை மில்காரரின் வாளை உடைத்தால் அவர் உங்கள் மரத்தை அப்புறம் தொடமாட்டார். சிறு துளைகள் இருந்தால் கட்டையைத் தரையில் தட்டிப் பாருங்கள். வெளிர் மாவு புதிதாகக் கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். பனைமரச் சட்டமான பனங்கையும் கைமரத்துக்கு ஏற்றதுதான், முற்றிய மரமாக இருந்தால். தென்னையில் வெளிவட்டம்தான் மரம். நடுப்பகுதியின் அடர்த்தி வெளிவட்டத்தில் பாதிக்கும் குறைவாகக்கூட இருக்கும் என்பதால் அதைச் சட்டமாக அறுத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அடுத்து உங்கள் 16 அடி ஹால். தூணில்லாத ஹால் பார்வைக்கு அழகுதான். அதற்கு உத்தரம் என்ன விலை கொடுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டுத் தளத்துக்கு ஆளும் சாமானுமாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று இந்தியத் தர நிர்ணயம் வகுத்திருக்கிறது. பலகை, குறுக்குச் சட்டம் ஆகியவற்றின் எடைக்கு இன்னொரு 100 கிலோ சேர்த்துக்கொள்வோம். ஓர் உத்தரம் தன் இருபுறமும் சேர்த்து 10 அடி அகலத்துத் தளத்தைத் தாங்குவதாகவும், மரம் தேக்கு, அயினி போன்ற நடுத்தர வலிமையுள்ளதாகவும் கொண்டால், 12 அடி இடைவெளிக்கு 5க்கு 10 சட்டம் முறியாமல் நிற்கும். ஆனால் நடுவில் ஏறக்குறைய அரை அங்குலம் தொய்யும். அதே சட்டத்தை 16 அடிக்கு நீட்டினால் தொய்வு மூன்று மடங்குக்கு மேல் ஏறி ஒன்றரை அங்குலமாகிறது, ஏனென்றால் தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்கில் வளர்கிறது. மரத்துக்குள் ஏற்படும் அழுத்தமும் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டிவிடும். மாறாக, 12 அடி இடைவெளியில் சட்டத்தின் ஆழத்தை 10இலிருந்து 12 அங்குலமாக்கினால், மரம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, தொய்வோ பாதியை நெருங்கிக் குறைகிறது. அகலத்தில் போடும் மரம் வீண், ஆழத்தில் போடும் மரம் உழைக்கும். ஆசாரிகளில் சிலர் உத்தரத்தைச் சதுரமாக அறுக்கச் சொல்வார்கள். அவர்களிடம் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் பிடிவாதமாக இருக்கலாம். 12 அடி அங்கணத்தைத் தாண்டாதீர்கள் என்பதே என் ஆலோசனை. ஹாலுக்குள் ஒரு தூண் நிற்கட்டும். நல்ல தூண் ஒன்று வீட்டுக்குள் நிற்பதை நம் ஊரில் யாரும் இடைஞ்சலாக நினைத்ததில்லை.

தூணுக்கு 4க்கு 4 போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடையை மட்டும் கேட்டால், போதும் என்றே சொல்ல வேண்டியிருக்கும். சீமை ஓடும் ரீப்பரும் சதுர மீட்டருக்கு 65 கிலோ. கைமரமும் கூரை மேல் ஏறும் ஆளும் சேர்த்துக் கணக்கிட்டாலும் உங்கள் நடுத்தூண் ஒன்றின் தலையில் இறங்குவது சுமார் 3 டன்தான். 9 அடி உயர 4க்கு 4 தூண் அதைத் தாங்கிவிடக்கூடும். பிரச்சினை எடையில் இல்லை, துளையில் இருக்கிறது. நான்கு பக்கத்திலிருந்தும் உத்தரங்கள் வந்து சேரும் நடுத்தூணை எடுத்துக்கொள்ளுங்கள். உத்தரத்தின் கழுந்து, அதாவது துளைக்குள் போகும்படி மெலித்துச் செதுக்கிய முனை, நுழைய 1½ அங்குல அகலத்தில் இரு திசையிலும் ஊடுருவித் துளை போட்டால், 4க்கு 4 தூணின் 16 சதுர அங்குலத்தில் மிஞ்சுவது நான்கு மூலைகளில் ஒன்றேகால் அங்குலச் சதுரங்கள் மட்டும், மொத்தம் 6¼ சதுர அங்குலம். அதற்குள் பொருத்தை இறுக்கும் மரமுளைக்கும் துளை போட வேண்டும். 7க்கு 7 தூணில் 2 அங்குலத் துளை போட்டாலும் மூலைக்கு 2½ அங்குலம் வீதம் 25 சதுர அங்குலம் மிஞ்சுகிறது. தூணின் பருமனை முடிவுசெய்வது பொருத்துதான். முடிந்தால் நெடுக்கு உத்தரத்தையும் குறுக்கு உத்தரத்தையும் ஒரே மட்டத்தில் சேர்க்காமல், ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றிவிடுங்கள். துளைகள் ஒரே இடத்தில் சந்திக்காது.

இதைவிட நல்ல வழி உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு நாள் ஆசாரியையும் அழைத்துக்கொண்டு போய்வாருங்கள். திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போங்கள். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த இடம். தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. தாய்க்கொட்டாரத்தில் ஒரே பலாமரத்தில் செதுக்கிய தூணைக் காண எல்லோரும் கூடுவார்கள். நீங்கள் பூவேலைப்பாட்டை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, கண்ணைத் தூணின் தலைக்குக் கொண்டுபோங்கள். அங்கே உத்தரம் தூணின் பக்கவாட்டில் தொங்கவில்லை, தலையில் உட்கார்ந்திருக்கிறது. தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவில் போதிகைக் கட்டை இரு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த நீட்டம் உத்தரத்தின் இடைவெளியைச் சற்றே குறைக்கிறது. இரண்டு உத்தரங்களின் முனைகள் சந்திக்கும் இடத்தில் இரண்டுக்கும் உட்கார இடம் கொடுக்கிறது. தூணில் துளை போட வேண்டிய அவசியத்தையே பெருமளவு நீக்கிவிடுகிறது. காணொளிகளில் நீங்கள் பார்த்த மேல்நாட்டுப் பொருத்துகளில் உத்தரத்தின் கழுந்து தூணின் விலாவில் நுழைந்து, முளையால் இறுக்கப்பட்டிருக்கும். அது பல நூற்றாண்டு அனுபவம் உள்ள நல்ல முறைதான். ஆனால் முதல் முறை உளி பிடிப்பவருக்கு உட்கார வைக்கும் பொருத்து மன்னிக்கும், தொங்கவிடும் பொருத்து மன்னிக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் மேல்நாட்டுக்காரர்களைப் பின்பற்றுங்கள். தூணும் உத்தரமும் சேரும் மூலையில் அவர்கள் சாய்வாக ஒரு முட்டு கொடுப்பார்கள். நம் பழைய வீடுகளில் அது அரிதாகத்தான் தென்படும், காரணம் அங்கே நிரைப் பலகைச் சுவர்களும் கனத்த அறைக் கூடுகளும் சட்டகத்தை அசையாமல் பிடித்துக்கொண்டன. உங்கள் வரைபடத்தில் பாதிச் சுவர் கண்ணாடி ஜன்னல். பலகையும் இல்லை, முட்டும் இல்லை என்றால், அந்தச் சட்டகம் நான்கு மூலையிலும் கீல் வைத்த கட்டில் சட்டம் போலத்தான், தள்ளினால் சாயும். நான்கு புறச் சுவரிலும், ஒவ்வொரு சுவரிலும் குறைந்தது இரண்டு அங்கணத்துக்காவது, 4க்கு 4 சாய்முட்டுகள் வேண்டும். முட்டின் இரு முனையும் மூலையிலிருந்து 2½ அடியாவது தள்ளி இருக்கட்டும்.

காற்றைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் ஓட்டு வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் கூரையின் எடையை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள், கூரை பறப்பதை நினைப்பதில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் உங்கள் மாவட்டத்தில் ரப்பரையும் வாழையையும் சாய்த்ததை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். உங்கள் பகுதிக்குக் கட்டடக் கணக்கில் எடுக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர், மணிக்கு 140 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்றழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 93 கிலோ. ஓட்டின் எடை 65 கிலோதான் என்பதை நினைவில் வையுங்கள். இறவாரத்தில் காற்று கீழிருந்து தள்ளவும் செய்யும், மேலிருந்து உறிஞ்சவும் செய்யும். ஆகவே கைமரத்தை உத்தரத்தோடும், உத்தரத்தைத் தூணோடும், தூணை அடிக்கல்லோடும் இழுவைக்குத் தாங்கும்படி பிணைக்க வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் வெறும் எடையை நம்பி விட்டாலும் சங்கிலி அங்கேதான் அறும். போதிகையில் உட்காரும் உத்தரத்துக்கு இது இன்னும் முக்கியம். இறவார வரிசையிலும் முகட்டிலும் ஓடுகளைக் கம்பியால் கட்டச் சொல்லுங்கள்.

இனி ஈரம். மே மாதம் வெட்டி ஓணத்துக்குப் பிறகு தொடங்குவது நடக்காத காரியம். நான் முதன்முதலில் மேற்பார்த்த சட்டக வீட்டில் இதே அவசரத்தைச் செய்தேன். அறுத்து மூன்று மாதமே ஆன அயினியில் பலகைச் சுவர் அடித்தோம்; கார்த்திகையில் விரல் நகம் நுழையாத இடுக்கில் மாசி மாதம் பென்சில் நுழைந்தது. வீட்டுக்காரர் பண்புள்ளவர், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பென்சிலை மட்டும் இடுக்கிலேயே விட்டுவைத்திருந்தார். பச்சை மரம் காயும்போது நீளத்தில் அநேகமாகச் சுருங்காது. குறுக்கே சராசரி நூற்றுக்கு 4 பங்கு சுருங்குவதாக வைத்தாலும் 10 அங்குல உத்தரம் 0.4 அங்குலம் குறைந்துவிடும். கனத்த சட்டங்கள் நடுப்பகுதி வரை காய அங்குலத்துக்கு ஓர் ஆண்டு என்பது பழைய கணக்கு. 7 அங்குலத் தூணுக்கு ஏழாண்டு காத்திருக்க யாராலும் முடியாது. அதனால் தூணையும் உத்தரத்தையும் ஓராண்டு காயவைத்து, மீதிச் சுருக்கம் வீட்டிலேயே நடக்கட்டும் என்று இடம்விட்டுப் பொருத்துங்கள். ஐரோப்பாவில் ஓக் மரத்தைப் பச்சையாகவே பொருத்துவது இந்தக் கணக்கில்தான். ஆனால் பலகை, ஜன்னல், கதவு ஆகியவற்றின் மரம் முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். அதில் சமரசம் கிடையாது. முள் குத்திப் பார்க்கும் சிறிய ஈரமானி ஒன்று வாங்கிவிடுங்கள். பலகையில் அது 15 சதவீதத்துக்குக் கீழே காட்டும் வரை ஆசாரி எவ்வளவு சொன்னாலும் இழைக்க விடாதீர்கள்.

உங்கள் ஊருக்குத் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களே வறண்டவை. ஆகையால் ஒரு ஜனவரியில் மரத்தை வெட்டி உடனே அறுங்கள். மறு ஜனவரியில் சட்டகத்தை நிறுத்துங்கள். தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்று உங்கள் ஆசாரி சொன்னால் அப்படியே செய்யுங்கள், எனக்கு அதில் வழக்கு இல்லை. ஆனால் மழையில்லாத மாதத்துத் தேய்பிறையாக அது இருக்கட்டும். வெட்டிய அன்றே தண்டின் இரு முனையிலும் கெட்டியாகப் பெயின்டோ மெழுகோ பூச வேண்டும். முனைதான் வேகமாகக் காய்ந்து முதலில் வெடிக்கும். அறுத்த சட்டங்களைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், அடுக்குக்கு அடுக்கு ஓர் அங்குல ரீப்பர் இடைவெளி விட்டு, ரீப்பர்கள் ஒன்றுக்கு நேர்கீழே ஒன்றாக வரும்படி, வெயில் படாத, காற்றோடும் கொட்டகையில் அடுக்குங்கள். ரீப்பர் நேர்கோட்டில் இல்லாவிட்டால் சட்டம் அந்த வளைவிலேயே காய்ந்துவிடும். மரத்தின் நடு நெஞ்சு தூணுக்குள் வந்துவிட்டால் அது எங்காவது ஒரு முகத்தில் வெடித்தே தீரும். ஜப்பானியத் தச்சர்கள் சுவர்ப் பக்கம் மறையும் முகத்தில் நெஞ்சு வரை நெடுக ஒரு வாள்வெட்டு விட்டுவிடுவார்கள். வெடிப்பு அதற்குள்ளேயே அடங்கிவிடும். நான் இதைச் சில வீடுகளில் செய்து பார்த்திருக்கிறேன், பலன் இருக்கிறது.

மரம் வெட்டும் வரையிலும், அது காயும் ஓராண்டிலும் நீங்கள் சும்மா இருக்கப்போவதில்லை. முதலில், மரம் வெட்டுவதற்கு முன்பே, அனுமதிகள். உங்கள் சர்வே எண் 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறதா, உங்கள் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலகத்திலும் வனச்சரக அலுவலகத்திலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சொந்த மரமாகவே இருந்தாலும் வெட்டவும் மில்லுக்கு ஏற்றிச்செல்லவும் என்ன சீட்டு வேண்டும் என்பதை வெட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டு அனுமதியில், 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் சுயசான்று முறை வந்திருந்தாலும், உங்கள் 22 சென்ட் அதைப் பலமடங்கு தாண்டுகிறது. மனைப்பிரிவு எப்படி என்பதைப் பொறுத்து வழக்கமான முறையில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கலாம். மரச்சட்டகக் கணக்கைப் போட்டுக் கையெழுத்திட ஒரு கட்டமைப்புப் பொறியாளர் வேண்டும். நான் இங்கே சொல்லும் அளவுகள் திட்டமிடத்தான். மண்ணையும் மரத்தையும் நேரில் பார்த்தவர் போடும் கணக்குக்கு இது ஈடாகாது. வங்கிக்கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் மரம் வெட்டுமுன் வங்கியில் கேட்டுவிடுங்கள்; மரவீட்டுக்கு மதிப்பீடு போடத் தயங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வேலை, ஒரு வண்டிக் கொட்டகை. 12 அடிக்கு 12 அடி, ஒரே அங்கணம், நான்கு தூண், நான்கு உத்தரம், எட்டுச் சாய்முட்டு; வாங்கிய மலிவு மரத்தில் கட்டுங்கள். வீட்டில் வரப்போகும் ஒவ்வொரு பொருத்தையும் அதில் ஒருமுறை வெட்டிப் பாருங்கள். முதல் துளைக்கு உங்களுக்கு ஒரு நாள் ஆகும். எட்டாவது துளைக்கு ஒரு மணி நேரம். மரத்தைத் தூக்குவதும் அப்போதுதான் தெரியும். 12 அடி நீள 5க்கு 10 உத்தரம் ஈரத்தோடு 100 கிலோவுக்கு மேல் இருக்கும். நான்கு பேர் தோளில் வைத்து ஏணியில் ஏற்றுவது ஆபத்து. செயின் பிளாக்கும் குழாய் முக்காலியும் வாடகைக்கு எடுத்துப் பழகிக்கொள்ளுங்கள். அந்தக் கொட்டகையே பிறகு உங்கள் சட்டங்கள் காயும் இடமாகவும் ஆகிவிடும்.

தூணடியைக் கான்கிரீட்டில் புதைக்கலாமா என்றால், கூடவே கூடாது. மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீட்டில் நல்ல வைரம் பாய்ந்த தூண்களை ஒரு காண்ட்ராக்டர் உறுதிக்காக ஓரடி ஆழம் கான்கிரீட்டில் இறக்கியிருந்தார். ஆறாவது ஆண்டில் என்னைக் கூப்பிட்டார்கள். வெளியே வார்னிஷ் பளபளப்பு அப்படியே இருந்தது. தரை மட்டத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினேன், பிடி வரைக்கும் இறங்கியது. கான்கிரீட் மரத்தைச் சுற்றி ஒரு கிண்ணம் போல ஆகிவிடுகிறது. தூண் வழியே இறங்கும் மழைநீரும் தரை கழுவும் நீரும் அதில் தேங்கி வெளியேற வழியில்லாமல் நிற்கின்றன. உங்கள் ஊரில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. தரைமட்டத்துக்கு மேல் 9 அங்குலம் நிற்கும் அடிக்கல், மேல்முகம் நடுவில் சற்று உயர்ந்து நீர் வழிந்தோடும்படி. நடுவில் 16 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, கல்லுக்குள்ளும் தூணுக்குள்ளும் எப்பாக்சி பசையால் ஊன்றியது. சாதா இரும்பைக் கடல்காற்றும் மரத்தின் அமிலமும் சேர்ந்து தின்றுவிடும். அடிக்கல்லே கீழே அஸ்திவாரத்தோடு பிணைந்திருக்க வேண்டும் என்பதை, காற்றைப் பற்றிச் சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள்.

கரையானுக்கும் பாதிப் பதில் அந்தக் கல்லிலேயே இருக்கிறது. கரையான் மண்ணிலிருந்து மூடிய பாதை கட்டித்தான் ஏறும். வெறும் கல் 9 அங்குலம் கண்ணுக்குத் தெரிந்தால், அந்தப் பாதையும் கண்ணுக்குத் தெரியும். கல்லுக்கும் தூணுக்கும் நடுவில் விளிம்பு வெளியே நீண்டு கீழ்நோக்கி மடிந்த துருப்பிடிக்காத தகடு ஒன்றை வையுங்கள். அஸ்திவாரக் குழியிலும் தரைக்கடியிலும் கட்டும்போதே கரையான் மருந்து தெளிக்க வேண்டும். பிறகு தெளிப்பது பாதிப் பலன். தரை மட்டம் நிலத்திலிருந்து 2 அடி உயரம், இறவாரம் 3 அடி நீட்டம் இருந்தால் மழைச் சாரல் தூணடியைத் தொடாது. வெள்ளை கலந்த கைமரங்களையும் ரீப்பர்களையும் போராக்ஸ் மூன்று பங்கு, போரிக் அமிலம் இரண்டு பங்கு கலந்த கரைசலில் ஊறவைத்துக் காயப்போடுங்கள். உளுக்கும் வண்டு அண்டாது. இது மழையில் கரைந்துவிடும் மருந்து என்பதால் ஓட்டுக்கடியில் இருக்கும் மரத்துக்கு மட்டும்.

குளியலறையையும் கழிப்பறையையும் மரச்சட்டகத்துக்குள் கொண்டுவராதீர்கள். பின்பக்கம் சாய்ப்பு இறக்கி, கல்லாலோ செங்கல்லாலோ கட்டிவிடுங்கள். அடுக்களையும் அங்கேயே போனால் இன்னும் நல்லது. தீயைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. உங்கள் மனைவி கேட்பார். கனத்த சட்டம் தீயில் நிமிடத்துக்கு முக்கால் மில்லிமீட்டர் அளவில்தான் கருகுகிறது, அரை மணி நேரத்தில் ஓர் அங்குலத்துக்குள். மெல்லிய ரீப்பருக்கு இது பொருந்தாது. மின்கம்பி எல்லாவற்றையும் குழாய்க்குள் விட்டு, கசிவு மின்துண்டிப்பானும் பொருத்துங்கள்.

சுவரைத் தூண்களுக்கு நடுவில் செங்கல்லில் நிரப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். தூணின் பக்கத்தில் நெடுக ஓர் அங்குலப் பள்ளம் ஓட்டி, செங்கல்லின் விளிம்பு அதற்குள் போகும்படி கட்டுங்கள். தூண் சுருங்கினாலும் வெளிச்சம் தெரியாது. உத்தரத்துக்கு அடியில் முக்கால் அங்குல இடைவெளி விடுங்கள், உத்தரம் தொய்யும்போது சுவர் மேல் உட்காராமல் இருக்க.

மரங்களை அறுத்து முடித்ததும், ஒவ்வொரு சட்டத்துக்கும் ஓர் எண் கொடுத்து, நீளம், அகலம், ஆழம், வெள்ளை எந்த முகத்தில், நெஞ்சு உள்ளே இருக்கிறதா, முடிச்சு எங்கே என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டை வைத்துக்கொண்டுதான் புது வரைபடம் போட வேண்டும். எந்தத் தூண் எந்த மூலைக்கு என்பதும், மச்சு எந்த அங்கணத்தில் என்பதும் அப்போது தெரிந்துவிடும். 7 அடி அயினியின் அடித்துண்டில் 5க்கு 12 உத்தரம் நான்கு கிடைத்தால் மச்சை அவற்றின் மேல் வையுங்கள். நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். போதிகையின் அளவையும் முகட்டின் பொருத்தையும் அதைப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.